நோகாத காயம்: தொடுகையும் நோவும் தோலிலிருந்து மூளைக்குப் போகும் வழி

கதிர்காமத்து ஆடிவேல் விழா நெருங்கும்போது உகந்தை முருகன் கோயில் வளவு நிரம்பிவிடும். வடக்கிலிருந்து கடற்கரையோரமாகவே நடந்து வந்தவர்களும், மட்டக்களப்பு, கல்முனை, திருக்கோவில் என்று வழிவழியே சேர்ந்துகொண்டவர்களும் அங்கே கூடித்தான் குமணக் காட்டுக்குள் இறங்குவார்கள். பலர் வெறுங்காலோடு.

அந்தக் காட்டுவழியில் ஒரே மாதிரியான முள் இரண்டு பேருக்குக் குத்துகிறது என்று வையுங்கள். ஒருவர் சட்டென்று காலைத் தூக்கி, அந்த இடத்திலேயே குந்தி, முள்ளைப் பிடுங்கிவிட்டு நடக்கிறார். மற்றவருக்குப் பல வருடமாகச் சீனி வருத்தம். அவர் எதுவும் அறியாமல் நடந்துகொண்டே இருக்கிறார். வீடு திரும்பிக் கால் கழுவும்போதுதான் பாதத்தில் சீழ் கட்டியிருப்பதை வேறொருவர் காண்கிறார். "ஒரு நாளும் நோகவில்லையே, எப்படி இவ்வளவு பெரிய புண்?" என்று வீட்டில் கேட்கிறார்கள்.

நீரிழிவால் விரலையோ காலையோ இழந்தவர்களின் வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. காயம் இருந்தால் அங்கே நோவும் இருக்கும், நோ இல்லையென்றால் காயம் பெரிதில்லை என்று நாம் எல்லோரும் நம்பிக்கொண்டிருப்பதால்தான் இந்தக் கேள்வி எழுகிறது. உண்மையில் காயத்துக்குள் நோ இல்லை. காயத்திலிருந்து ஒரு செய்தி புறப்பட்டு, ஒரு மீற்றருக்கும் மேல் பயணம் செய்து, மூளையால் வாசிக்கப்பட்ட பிறகே நமக்கு நோகிறது. வழியில் எந்த இடத்தில் தடங்கல் வந்தாலும் காயம் காயமாகவே இருக்கும், நோ மட்டும் வராது. அந்த வழியை அடியிலிருந்து பார்ப்போம்.

முதலில் நான்கு சொற்கள்

பள்ளிக்கூட விஞ்ஞானப் புத்தகத்தில் படித்தவைதான். நரம்புக்கலம் என்பது மின்செய்தியைக் கடத்தும் உயிர்க்கலம். வாங்கி என்பது அழுத்தம், சூடு, குளிர் போன்றவற்றை உணர்ந்துகொள்ளும் முனை. முண்ணாண் என்பது முள்ளந்தண்டு எலும்புகளின் நடுவே ஓடும் நரம்புத் தண்டு. நான்காவது கொஞ்சம் புதிது: ஆபத்துச் செய்தி. உடம்பின் ஓரிடம் சேதப்படுகிறது, அல்லது சேதப்படப்போகிறது என்று நரம்பில் ஓடும் மின்துடிப்புகளை இந்தக் கட்டுரையில் அப்படி அழைக்கிறேன். அதைப் படித்து மூளை நமக்குத் தரும் அனுபவம்தான் நோ. இந்த இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொண்டால் பின்னால் வரும் எதுவும் விளங்காது.

தோலுக்குள் இருப்பவை

மருதமுனையில் கைத்தறியில் இருப்பவர் பாவில் அறுந்த இழையைக் கண் தேடும் முன்னரே விரலால் கண்டுபிடித்துவிடுவார். வாவியில் தூண்டில் போடுபவருக்கு, மீன் இரையை மெல்லத் தொட்டுப் பார்ப்பது தங்கூசி வழியாக விரலுக்குத் தெரிந்துவிடும். இரண்டும் தொடுகைதான், ஆனால் தோலுக்குள் வேலை செய்பவை வேறு வேறு.

அரிசிக்குள் கிடக்கும் கல்லின் விளிம்பைக் காட்டிக்கொடுப்பது மேர்க்கல் வாங்கிகள். நிலையான அழுத்தத்தையும் நுண்ணிய வடிவத்தையும் அவை பார்த்துக்கொள்ளும். கையில் பிடித்த மீன் வழுக்கத் தொடங்கும் அந்தக் கணத்தை உணர்பவை மைஸ்னர் வாங்கிகள். அதனால்தான் யோசிக்காமலே பிடியை இறுக்குகிறோம். தோல் இழுபடுவதை ருபினி முனைகள் உணர்கின்றன. தங்கூசியின் அதிர்வு பசினி வாங்கிகளுக்கு உரியது. வெங்காயம்போல் அடுக்கடுக்காகச் சுற்றப்பட்ட இவை, செக்கனுக்கு 250 தடவை அளவிலான அதிர்வுக்கு மிகக் கூர்மையாகப் பதில் சொல்லும்.

இந்த வாங்கிகள் உடம்பெங்கும் ஒரே நெருக்கமாகப் பரவியிருக்கவில்லை. ஓர் ஈர்க்கை நடுவால் மடித்து, இரண்டு முனைகளையும் மூன்று மில்லிமீற்றர் இடைவெளியில் வைத்து ஒருவரின் விரல்நுனியைத் தொடுங்கள். கண்ணை மூடியிருந்தாலும் இரண்டு முனை என்று சொல்லிவிடுவார். அதையே முதுகில் வைத்தால் ஒன்று என்பார். முதுகில் இரண்டாக உணர ஏறத்தாழ நான்கு சென்ரிமீற்றர் இடைவெளி வேண்டும்.

ஆபத்தை உணரும் முனைகளுக்கு இப்படி உறை, அடுக்கு எதுவும் இல்லை. நரம்பின் நுனி கிளை கிளையாகப் பிரிந்து, வெறுமனே தோலின் மேலடுக்குவரை வந்து நிற்கிறது. அவற்றில் சில அதிக அழுத்தத்துக்கு மட்டும் எழும்பும், சில சூட்டுக்கு, சில இரசாயனத்துக்கு, பல இவை எல்லாவற்றுக்கும்.

அழுத்தம் மின்சாரமாக மாறும் இடம்

ஒரு முள் குத்துவது பொறிமுறை நிகழ்வு. நரம்பில் ஓடுவதோ மின்துடிப்பு. ஒன்று மற்றொன்றாக எப்படி மாறுகிறது என்பது நெடுங்காலம் விடை தெரியாத கேள்வியாகவே இருந்தது. இப்போது தெரிந்த அளவில் வரிசை இதுதான்:

1. ஓய்வில் இருக்கும் நரம்புக்கலத்தின் உட்பக்கம் வெளிப்பக்கத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ற்று எதிர்மின்னாக இருக்கும். வெளியே சோடியம் அயன்கள் உள்ளே வரக் காத்துக்கொண்டிருக்கும்.

2. கலத்தின் மென்சவ்வில் புரதத்தாலான நுண்ணிய கதவுகள் உண்டு. மென்சவ்வு இழுபட்டால் திறக்கும் கதவு ஒன்று, சூடு பட்டால் திறக்கும் கதவு இன்னொன்று என்று வகை வகையாக.

3. கதவு திறந்ததும் நேர்மின் அயன்கள் உள்ளே பாயும். உட்பக்கத்தின் எதிர்மின் குறையும்.

4. குறைவு ஓர் எல்லையைத் தாண்டினால் பக்கத்திலுள்ள சோடியக் கதவுகள் வரிசையாகத் திறந்து ஒரு துடிப்பு ஓடத் தொடங்கும். எல்லையைத் தாண்டாவிட்டால் ஒன்றும் ஓடாது. அரைத் துடிப்பு என்று ஒன்று கிடையாது.

அப்படியானால் மெல்லத் தொட்டதையும் பலமாக அழுத்தியதையும் மூளை எப்படிப் பிரித்தறிகிறது? துடிப்பின் உயரம் மாறாது, செக்கனுக்கு எத்தனை துடிப்பு என்பதுதான் மாறும். 1920களில் எட்கார் ஏட்ரியன் இதைக் கண்டு காட்டினார். 1932இல் அவருக்கும் சார்ள்ஸ் ஷெரிங்டனுக்கும் நோபல் பரிசு பகிர்ந்து கிடைத்தது.

இழுபட்டால் திறக்கும் கதவைக் கண்டுபிடித்தவர் ஆர்டெம் படாபூட்டியன். அவருடைய ஆய்வுக்குழு 2010இல் இரண்டு புரதங்களை இனங்கண்டு, பியட்சோ 1, பியட்சோ 2 என்று பெயரிட்டது. கிரேக்க மொழியில் அழுத்தத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். மென்மையான தொடுகைக்குப் பியட்சோ 2 அவசியம். போர் நடந்துகொண்டிருந்த பெய்ரூத் நகரில் வளர்ந்து, 18 வயதில் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்த மனிதர் அவர். நம் ஊரில் அந்த வரலாற்றைச் சொன்னால் விளக்கம் தேவைப்படாது.

பியட்சோ 2 பிறவியிலேயே வேலை செய்யாத சிலரைப் பற்றி 2016இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அவர்களுக்கு மெல்லிய தொடுகை தெரியாது. கண்ணைக் கட்டிவிட்டால் கை எங்கே, கால் எங்கே என்பதும் தெரியாது, நடக்கவே தடுமாறுவார்கள். ஆனால் கிள்ளினால் நோகும். தொடுகையும் நோவும் ஒரே உணர்வின் குறைந்த, கூடிய அளவுகள் அல்ல, அடியிலேயே பிரிந்த இரண்டு ஏற்பாடுகள் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

கொச்சிக்காய் ஏன் சுடுகிறது

சம்பல் இடித்த கை எரிகிறது. உண்மையில் கை சுடவில்லை. வெப்பமானி வைத்துப் பார்த்தால் பக்கத்து விரலுக்கும் அதற்கும் வித்தியாசம் இருக்காது. பின் எதற்காகச் "சுடுகிறது" என்கிறோம்?

1997இல் டேவிட் ஜூலியஸ் குழுவினர் இதற்கு விடை கண்டார்கள். கொச்சிக்காயின் உறைப்புக்குக் காரணமான கப்சைசின் எந்தக் கதவைத் திறக்கிறது என்று தேடி, டி.ஆர்.பி.வி.1 என்ற புரதத்தை அடைந்தார்கள். பிறகு பார்த்தால் அதே கதவு ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டுக்கும் திறக்கிறது. கதவைத் திறந்தது நெருப்பா, கொச்சிக்காயா என்று நரம்புக்குத் தெரியாது. "இந்தக் கம்பியில் துடிப்பு வருகிறது" என்பது மட்டுமே மூளைக்குக் கிடைக்கும். அந்தக் கம்பி சூட்டுக்குரியது, ஆகவே சுடுகிறது என்று மூளை முடிவு செய்கிறது.

உறைப்பான கறி தின்ற வாயில் சுடு தேநீர் பட்டால் இரண்டு மடங்கு எரிவதற்கும் இதுவே காரணம். ஏற்கெனவே பாதி திறந்த கதவைச் சூடு முழுதாகத் திறந்துவிடுகிறது. மைனாவும் கிளியும் கொச்சிப்பழத்தை அலட்டிக்கொள்ளாமல் தின்பதையும் பார்த்திருப்பீர்கள். பறவைகளின் கதவுக்குக் கப்சைசின் பொருந்தாது. விதையைக் கடித்து நொறுக்கும் விலங்குகள் விலகிப்போக, முழுதாக விழுங்கித் தூரத்தில் எச்சமிடும் பறவைகள் வந்து சேர்கின்றன, செடிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நோவுக்குத் தடவும் பாம் குளிர்வதும் இதே கதைதான். மெந்தோல் குளிருக்குரிய கதவைத் திறக்கிறது, தோல் குளிரவில்லை. ஜூலியசுக்கும் படாபூட்டியனுக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கொடுக்கப்பட்டபோது, கொச்சிக்காய்க்கு நோபல் பரிசா என்று பலர் வியந்தார்கள். சூடு, குளிர், தொடுகை எல்லாம் நரம்புக்குள் நுழையும் வாசலைக் காட்டியதற்கான பரிசு அது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடலாம். காயப்பட்ட இடத்தில் உடம்பு சுரக்கும் இரசாயனங்கள் இந்தக் கதவுகளின் எல்லையைத் தாழ்த்திவிடும். வெயிலில் வெந்த தோலில் வெதுவெதுப்பான தண்ணீர் பட்டாலும் சுள்ளென்று எரிவது அதனால்தான். குணமாகும்வரை அந்த இடத்தைத் தொடாமல் காப்பாற்ற உடம்பு செய்யும் ஏற்பாடு. ஐபியூபுரோபன் போன்ற மருந்துகள் அந்த இரசாயனங்களில் ஒரு வகையைக் குறைக்கின்றன.

மூன்று வேகங்கள்

காற்பெருவிரல் கதவுநிலையில் இடிபட்டால் நடப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? இடிபட்டது உடனே தெரியும். அடுத்து ஒரு கூர்மையான "சுரீர்". ஒரு கணம் கழித்து, இனி வரப்போகிறது என்று நாம் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கும்போதே, மெல்ல ஏறும் உளைவு. மூன்றும் ஒரே நேரத்தில் புறப்பட்டவை. வந்து சேர்ந்த நேரம்தான் வேறு.

1. தொடுகையைக் கொண்டுபோகும் ஏ-பீட்டா நார்கள் தடித்தவை. மயலின் என்ற கொழுப்பு உறை சுற்றியவை. செக்கனுக்கு 35 முதல் 75 மீற்றர்வரை செய்தி ஓடும். 70 மீற்றர் என்றால் மணிக்கு 250 கிலோமீற்றர்.

2. கூரிய நோவுக்குரிய ஏ-டெல்ற்றா நார்கள் மெல்லியவை, உறையும் மெல்லியது. வேகம் செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர்.

3. உளைவு, எரிவு, கடுப்பு இவற்றுக்குரிய சி நார்கள் மிக மெல்லியவை. மயலின் உறையே இல்லை. செக்கனுக்கு அரை மீற்றரிலிருந்து இரண்டு மீற்றர்வரைதான்.

செக்கனுக்கு ஒரு மீற்றர் என்பது மணிக்கு 3.6 கிலோமீற்றர். கதிர்காமத்துக்கு நடப்பவரின் வேகம். உங்கள் காலின் உளைவு உங்கள் உடம்புக்குள் ஒரு பாதயாத்திரைக்காரரைப்போல் நடந்துதான் மேலே வருகிறது.

இந்த நார் ஒவ்வொன்றும் ஒரே கலத்தின் நீட்சி என்பதை நினைத்துப் பாருங்கள். கலத்தின் உடல் முள்ளந்தண்டின் பக்கத்தில் ஒரு சிறு முடிச்சில் இருக்கிறது. ஒரு கிளை காற்பெருவிரல்வரை கீழே போகிறது. மற்றக் கிளை முண்ணாணுக்குள் நுழைகிறது. தொடுகைக்குரிய கலமாக இருந்தால் நிற்காமல் மூளையின் அடிவரை ஏறுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய ஒரே கலம், நீளமோ ஒன்றரை மீற்றர் அளவு. காற்பெருவிரலிலுள்ள நுனிக்குத் தேவையான புரதங்கள் எல்லாம் முள்ளந்தண்டுப் பக்கத்தில் உருவாகி அங்கிருந்து கீழே போய்ச் சேரவேண்டும். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், நீரிழிவு ஏன் முதலில் காலைப் பிடிக்கிறது என்பதற்கு இது வேண்டும்.

முண்ணாணில் நடப்பவை

முள் குத்தியதும் கால் தானாக மேலே வருவது மூளையின் கட்டளையால் அல்ல. ஆபத்துச் செய்தி முண்ணாணுக்குள் நுழைந்த இடத்திலேயே, காலைத் தூக்கும் தசைகளுக்கு உத்தரவு திரும்பிவிடுகிறது. இதுதான் தெறிவினை. மூளைக்குத் தகவல் பிறகுதான் போகிறது.

மேலே போகும் பாதைகளும் இரண்டு. நோவையும் சூட்டையும் கொண்டுபோகும் பாதை முண்ணாணுக்குள் நுழைந்த கையோடு மறுபக்கம் மாறிவிடும். நுண்ணிய தொடுகையின் பாதை அதே பக்கத்தில் ஏறி, மூளையின் அடியில்தான் மாறும். ஆகவே முண்ணாணின் ஒரு பாதி மட்டும் சேதப்பட்டவருக்கு, அடிபட்ட பக்கத்துக் காலில் தொடுகை தெரியாது, மறுபக்கத்துக் காலில் நோ தெரியாது. முதுகில் செல்துண்டோ சன்னமோ பாய்ந்தவர்களிடம் இப்படிக் கண்டால் யாரும் குழம்பத் தேவையில்லை. நடிப்பு என்று ஒருவரைச் சந்தேகிக்கும் முன்னர் இதை அறிந்திருக்க வேண்டும்.

விழுந்து முழங்காலில் அடிபட்ட பிள்ளையின் காலை அம்மா தேய்த்துவிடுகிறாள், ஊதிவிடுகிறாள். நோ குறைகிறது. 1965இல் றொனால்ட் மெல்சாக்கும் பற்றிக் வோலும் இதற்கொரு விளக்கம் தந்தார்கள். முண்ணாணில் ஆபத்துச் செய்தி நுழையும் இடத்தில் ஒரு படலை இருப்பதுபோல் எடுத்துக்கொள்ளலாம். தடித்த தொடுகை நார்களில் செய்தி வந்தால் அந்தப் படலை ஓரளவு சாத்தப்படும். அவர்கள் வரைந்த இணைப்புகளின் நுட்பங்கள் பிறகு திருத்தப்பட்டன, அடிப்படை எண்ணம் நிலைத்துவிட்டது. அம்மாவின் கை ஆறுதல் மட்டும் தருவதில்லை, நரம்பிலும் வேலை செய்கிறது.

மூளையிலிருந்தும் இந்தப் படலைக்குக் கட்டளை இறங்கும். உடம்பே சுரக்கும் எண்டோபின்கள் அதற்கு உதவுகின்றன. எண்டோபின்கள் போய் ஒட்டும் அதே புரதங்களில்தான், கடும் நோவுக்குக் கொடுக்கும் மோர்பீன் மருந்தும் வேலை செய்கிறது. இரண்டாம் உலகப்போரில் கடுமையாகக் காயப்பட்ட படையினரில் பெரும்பாலானோர் நோமருந்து வேண்டாம் என்று சொன்னதை ஹென்றி பீச்சர் என்ற மருத்துவர் 1946இல் பதிவு செய்தார்.

பாண்டிருப்பு திரௌபதை அம்மன் கோயில் தீமிதிப்பைப் பற்றிக் கேட்பவர்களுக்கும் இங்கே ஒரு பதில் உண்டு. எரிந்த கரி வெப்பத்தை மெதுவாகத்தான் கடத்தும். பாதம் அதில் படும் நேரமும் சிறிது. அதோடு விரதத்திலும் பக்தியிலும் ஒருமுகப்பட்ட மனம் மேலிருந்து படலையைச் சாத்துகிறது. இப்படிச் சொல்வதால் அந்தப் பக்தி சிறிதாகிவிடாது. மனத்தின் நிலை முண்ணாண்வரை இறங்கி வேலை செய்கிறது என்பதைத்தான் இது காட்டுகிறது. ஆனால் கால் விறைத்த நீரிழிவுக்காரர் நெருப்பில் இறங்குவது வேறு விடயம். அவருக்குச் சூடு தெரியாமல் போவது நரம்பு செத்ததால். சுட்டபின் காலை இழுக்கவும் தோன்றாது, ஆறவும் மாட்டாது.

மூளை வாசிக்கும்போது

செய்தி தலாமஸ் என்ற இடத்துக்கு வந்து பல பகுதிகளுக்குப் பிரிகிறது. எங்கே, எவ்வளவு என்று பார்க்கும் பகுதி ஒன்று. "இது தாங்கமுடியாதது" என்ற வேதனையைச் சேர்க்கும் பகுதிகள் வேறு. நோவைப் படிக்கும் சர்வதேசச் சங்கம் 2020இல் திருத்திய வரைவிலக்கணத்திலும் நோ என்பது புலனுணர்வும் மனவுணர்வும் சேர்ந்த அனுபவம் என்றே இருக்கிறது.

மிதிவெடியில் காலை இழந்தவர்கள், இல்லாத பாதம் எரிகிறது, இல்லாத விரல் முறுக்குகிறது என்று சொல்வதைக் கிழக்கில் பலர் கேட்டிருப்போம். அது கற்பனையல்ல. பாதம் போய்விட்டது, பாதத்துக்கான இடம் மூளையில் போகவில்லை. வெட்டுப்பட்ட நரம்பின் நுனியும் தானாகத் துடிப்புகளை அனுப்பும். நம் தமிழர் ஒருவர், விளையனூர் இராமச்சந்திரன், 1990களில் ஒரு கண்ணாடியை மட்டும் வைத்துக்கொண்டு இதற்கு ஒரு வழி காட்டினார். இருக்கும் காலின் பிம்பம் இல்லாத காலின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தி, காலை அசைக்கச் சொல்வது. எல்லோருக்கும் கேட்பதில்லை, சிலருக்கு நல்ல சுகம் தருகிறது.

மாரடைப்பின் நோ இடது கையில் தெரிவதும் வாசிப்பின் விளைவே. இருதயத்தின் நரம்புகளும் கையின் உட்பக்க நரம்புகளும் முண்ணாணின் ஒரே பகுதிக்குள் நுழைகின்றன. வழமையாகச் செய்தி வருவது தோலிலிருந்து என்பதால் மூளை கையென்று முடிவு செய்துவிடுகிறது. நீரிழிவு பழுதாக்கிய நரம்புகள் இருதயத்துக்கும் போகின்றன. அப்படிப்பட்டவருக்கு மாரடைப்பு நெஞ்சு நோ இல்லாமலே வரலாம். திடீர் வியர்வை, மூச்சு வாங்குதல், இனந்தெரியாத களைப்பு மட்டும் இருந்தாலும் அவரை உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

கம்பி பழுதானால்

வடக்குப் பாகிஸ்தானில் ஒரு சிறுவன் தெருவில் வித்தை காட்டினான். கையில் கத்தியைச் செருகுவான், தணலில் நடப்பான். அவனுக்கு நோ என்பதே தெரியாது. கூரையிலிருந்து குதித்து, 14 வயது நிறையும் முன்னர் இறந்துபோனான். அவனுடைய உறவுக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் 2006இல் காரணத்தைக் கண்டார்கள்: ஆபத்துச் செய்தியைக் கடத்தும் நார்களிலுள்ள நாவ் 1.7 என்ற சோடியக் கதவு ஒன்று பிறவியிலேயே வேலை செய்யவில்லை. பல் பிடுங்கும் முன் போடும் ஊசியும் சோடியக் கதவுகளைத்தான் சிறிது நேரம் அடைக்கிறது. மெல்லிய நார்கள் முதலில் அடைபடுவதால், பல்லை இழுப்பது தெரியும், நோகாது.

தொழுநோய்க் கிருமி நரம்புநாரைச் சுற்றியிருக்கும் கலங்களுக்குள் குடியேறுகிறது. உடம்பின் குளிர்ந்த பகுதிகளை அது விரும்பும். அதனால்தான் கை, கால், முகம், காதுமடல். மட்டக்களப்பு வாவியில் உள்ள மாந்தீவு நெடுங்காலம் தொழுநோயாளரைத் தனியே வைத்துப் பராமரித்த இடம் என்பது நம் மக்களுக்குத் தெரியும். தொற்றிவிடும் என்ற பயத்தோடு, நோயே விரலைத் தின்றுவிடுகிறது என்ற நம்பிக்கையும் இருந்தது. வேலூரில் பணியாற்றிய, கொல்லிமலையில் பிறந்த மருத்துவர் போல் பிராண்ட் அது அப்படியல்ல என்று காட்டினார். உணர்வில்லாத கை சுடுபாத்திரத்தைத் தூக்குகிறது, கீறுப்பட்ட விரலாலேயே மேலும் வேலை செய்கிறது. இரவில் தூங்கும்போது எலி கடிப்பதுகூடத் தெரிவதில்லை. விரல் தேய்வது இப்படித்தான். இந்த நோய் இன்னும் கிழக்கில் இருக்கிறது. முழுமையாகக் குணப்படுத்தும் கூட்டுமருந்து 1983 முதல் இலங்கையில் கொடுக்கப்படுகிறது. நோயின் வகையைப் பொறுத்து 6 மாதமோ 12 மாதமோ, இலவசமாக.

நீரிழிவுதான் இன்று மிக அதிகமானோரின் நரம்பைக் கெடுப்பது. கூடிய சீனி நரம்பையும், நரம்புக்கு இரத்தம் கொடுக்கும் நுண்குழாய்களையும் வருடக்கணக்கில் அரிக்கிறது. மிக நீளமான நார் முதலில் தளர்கிறது. ஆகவே விரல்நுனியில் தொடங்கி, காலுறை போடும் அளவுக்கு மேலே ஏறும். முழங்கால் அளவுக்கு வந்தபின் கைவிரலிலும் தொடங்கும். நீண்டகாலம் நீரிழிவோடு வாழ்பவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேருக்கு ஏதோ ஓரளவில் இது வருகிறது.

இதில் பலரைக் குழப்பும் ஒரு விடயம் உண்டு. "எனக்கு இரவில் கால் எரியுது, அப்ப நரம்பு நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்பார்கள். பழுதான நரம்பு இரண்டு விதமாக நடந்துகொள்ளும். வெளியிலிருந்து வரும் செய்தியைக் கொண்டுபோகாது. அதே நேரம், எந்தக் காரணமும் இல்லாமல் தானாகத் துடிப்புகளை அனுப்பும். மூளை அதை எரிவென்று வாசிக்கும். எரியும் காலில் முள் குத்தினாலும் தெரியாமல் போவது இப்படித்தான். எரிவு தானாக நின்றுவிட்டால் சந்தோஷப்படவும் முடியாது. நரம்பு முழுதாக ஓய்ந்துவிட்டதாலும் அது நிற்கலாம்.

வீட்டில் பார்க்கக்கூடியவை

1. கண்ணை மூடி இருக்கச் சொல்லி, இரண்டு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சின்னவிரல் நுனிகளை ஒவ்வொன்றாக, ஓரிரு செக்கன், உங்கள் சுட்டுவிரலால் மெல்லத் தொடுங்கள். அழுத்தவோ தடவவோ கூடாது. ஆறு இடத்தில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாவிட்டால் உணர்வு குறைந்துவிட்டது. கிளினிக்கில் தங்கூசி போன்ற ஒரு நைலோன் இழையால் 10 கிராம் அழுத்தம் கொடுத்து இதையே திருத்தமாகப் பார்ப்பார்கள்.

2. தோலில் நிறம் மங்கிய அல்லது சிவந்த தேமல் இருந்து, அந்த இடத்தில் பஞ்சு பட்டால் தெரியவில்லை என்றால், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ வைத்தியசாலையின் தோல் பிரிவிலோ காட்டுங்கள். சொறியும் நோவும் இல்லாத தேமல்தானே என்று விட்டுவிடாதீர்கள்.

3. கால் விறைத்தவர் சுடுதண்ணீரின் சூட்டைக் காலால் பார்க்கக்கூடாது. வீட்டில் இன்னொருவர் பார்த்துச் சொல்லட்டும். திருக்கை முள் குத்தினால் தாங்கக்கூடிய சூட்டுத் தண்ணீரில் காலை வைப்பது நல்ல முதலுதவி, ஆனால் "தாங்கக்கூடிய" என்பதை அவரால் சொல்ல முடியாது.

4. மத்தியானம் கல்லடிக் கடற்கரை மணலில் வெறுங்காலில் நடக்க வேண்டாம். சப்பாத்தைப் போடுமுன் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். வயலில் நின்று வந்தால் விரல் இடுக்குகளைத் துடைத்து உலர்த்துங்கள்.

5. நோகாத புண்ணை, நோகும் புண்ணைவிட அவசரமாகக் காட்டுங்கள். நோகவில்லை என்பதால் அவர் அதன்மேலேயே நடந்துகொண்டிருப்பார்.

கால் விறைத்தவர் பாதயாத்திரை போகவே கூடாது என்று சொல்ல எனக்கு மனமில்லை. நேர்த்தியின் கனம் அவருக்குத்தான் தெரியும். போகுமுன் கிளினிக்கில் காலைக் காட்டி, மருத்துவர் சம்மதித்தால் பொருத்தமான செருப்போடு நடக்கட்டும், முருகன் கோபிக்கமாட்டான். ஒவ்வொரு நாளும் பொழுதுபட்டுத் தங்குமிடத்தில் இருக்கும்போது, கூட வந்தவர் டோர்ச் வெளிச்சத்தில் அவருடைய உள்ளங்கால் இரண்டையும், விரல் இடுக்குகளையும் பார்க்க வேண்டும். முள், கொப்புளம், சிவப்பு, ஈரக்கசிவு, ஒரு காலில் மட்டும் கூடிய சூடு. இவற்றில் ஒன்றைக் கண்டாலும் மறுநாள் அவரை நடக்க விடாமல் முதலுதவி நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.